ஐ.நா. பணிக்குத் தனி அதிகாரியாகப் போகிறவர்களுக்கு

ராணுவத்திலிருந்து ஐ.நா. அமைதிப்பணிக்குப் போவதில் இரண்டு விதம் உண்டு. பட்டாலியனோடு சேர்ந்து போவது ஒன்று. தனி அதிகாரியாகப் போவது மற்றொன்று. பட்டாலியனோடு போகிறவர்களுக்குச் சமையற்காரர், மருத்துவர், முடிதிருத்துபவர், அரிசி, பருப்பு, கொசுவலை தொடங்கி, எல்லா மதத்தினரும் வழிபடும் சர்வ தர்ம ஸ்தல் வரை எல்லாம் கூடவே வந்துவிடும். இறங்கிய மண் ஆப்பிரிக்காவாக இருந்தாலும் முகாமின் வேலிக்குள் அது அம்பாலாவோ ஜோத்பூரோதான். தனி அதிகாரியோ பெட்டியும் கையுமாக இறங்கி, தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர், மருந்து, பணம் ஆகிய எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டாவது விதத்தில், ராணுவத் தொடர்பு அதிகாரியாகத் தென் சூடானில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தேன். அதற்கு முன் நான் இந்திய எல்லையைத் தாண்டியதே இல்லை. இப்போது பணியிலிருந்து விடுபட்டுவிட்டேன். தேர்வாகியிருக்கும் இளைய அதிகாரிகள், குறிப்பாகப் பெண் அதிகாரிகள், தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் ஒரே செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

என் ஊர் கோயம்புத்தூர். பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து அதிகாரியானேன். தேர்வுக் கடிதம் வந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. கணவர் கல்லூரி ஆசிரியர். தென் சூடானில் ஐ.நா.வின் பணி, அந்த நாடு விடுதலை பெற்ற 2011 ஜூலையிலேயே தொடங்கியது. பெண் அதிகாரிகளின் பங்கைக் கூட்ட வேண்டும் என்று ஐ.நா. இலக்கு வைத்திருப்பதால் எங்களுக்கு இப்போது வாய்ப்புகள் கூடியிருக்கின்றன. டெல்லியில் கிடைத்த பயிற்சியில் ரோந்து, அறிக்கை எழுதுவது, பொதுமக்களைப் பாதுகாப்பது, வரைபடம் என வேலைக்கு வேண்டியவை குறைவில்லாமல் இருந்தன. அங்கே எப்படி வாழ்வது என்பது எந்த வகுப்பறையிலும் சொல்லித் தரக்கூடியதன்று. அதைப் போய் வந்தவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இறங்கிய மறுநாளே அதுதான் என்னை உலுக்கியது. தனி அதிகாரிகளுக்கு ஐ.நா. தரும் படி, முதல் 30 நாட்களுக்கு ஒரு விகிதத்திலும் அதன் பிறகு அதைவிடக் குறைந்த விகிதத்திலும் கணக்கிடப்படும். அது உங்கள் கைக்கு வர, வருகைப் பதிவுப் படிவங்கள் அலுவலகம் அலுவலகமாகக் கையெழுத்தாகி முடிய வேண்டும். அதுவரை சொந்தப் பணத்தில்தான் காலம் தள்ள வேண்டும். இதை அறிந்துதான் நான் ஊரில் 1,500 டாலர் மாற்றிக்கொண்டு போயிருந்தேன். தலைநகர் ஜூபாவில் ஒரு கடைக்காரர் நான் நீட்டிய நூறு டாலர் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு விளிம்பில் நகக்கண் அளவுக்கு இருந்த ஒரு கிழிசலின்மேல் விரலை ஓட்டிவிட்டு, ஒரு சொல்கூடப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த தாளில் அச்சிட்ட ஆண்டு பழையது என்றார். 2006-க்கு முந்தைய டாலர் தாள்கள் அங்கே ஏறக்குறைய செல்லாக்காசு. ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களை எடுத்தாலும் குறைந்த மதிப்பில்தான் எடுப்பார்கள். என்னிடம் இருந்ததில் 400 டாலருக்கு மேல் இப்படி முடங்கிப் போயிற்று. கடைசியில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டு ஒருவர் வாங்கிக்கொண்டார். நம் ஊரில் அன்னியச் செலாவணி கவுண்டரில் நிற்கும்போதே ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பாருங்கள். நூறு டாலர் தாள்களாகவும், புதிய வரிசையாகவும், மடிப்பு, மை, முத்திரை, கிழிசல் ஏதும் இல்லாதவையாகவும் கேட்டு வாங்குங்கள். தட்டையான உறையில் வையுங்கள். பர்ஸில் மடித்து வைக்காதீர்கள். ஏ.டி.எம். அட்டையை நம்பிப் போகவே வேண்டாம். ஒன்றரை மாதச் செலவுக்கான பணம் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும்.

ஜூபாவில் அறிமுகப் பயிற்சியின்போதே வாகனத் தேர்வு வைப்பார்கள். இதில் தேறாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பவும் இடமுண்டு. ஏனென்றால் தொடர்பு அதிகாரி ரோந்து வண்டியைத் தானே ஓட்டியாக வேண்டும். நம் ராணுவத்தில் அதிகாரி வண்டியின் இடப்பக்கம் உட்காருவார், ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பார். தென் சூடானில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். அதாவது, இத்தனை ஆண்டுகளாக நான் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே இருக்கையில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கியர் வலக்கையில் வருகிறது. லேண்ட் குரூசரோ நிசான் பேட்ரோலோ, வண்டி பெரிது. முன்னால் நீளமான ரேடியோ ஆன்டெனா ஆடிக்கொண்டிருக்கும். பின்னோக்கி எடுத்து இரண்டு கம்பங்களுக்கு இடையில் நிறுத்தச் சொல்வார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு நான் உறங்கவே இல்லை. எட்டு, பத்து நாடுகளின் அதிகாரிகள் வரிசையில் நிற்கும்போது இந்தியாவிலிருந்து வந்தவள் தோற்றாள் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்ற அச்சம் என்னை வாட்டியது. தேறிவிட்டேன் என்றாலும், அந்த வாரம் பட்ட பாட்டை முன்கூட்டியே தவிர்த்திருக்கலாம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பெரிய நான்கு சக்கர இயக்க வண்டியை வாரம் ஒருமுறையாவது நீங்களே ஓட்டுங்கள். கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னோக்கி எடுத்துப் பழகுங்கள். ஓட்டுநர் உரிமம் பணிக்காலம் முழுவதும் செல்லுபடியாகும்படி புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு டோரிட் என்ற ஊரை ஒதுக்கினார்கள். ஜூபாவுக்குக் கிழக்கே, கிழக்கு எக்குவட்டோரியா மாநிலத்தின் தலைநகர் அது. 1955 ஆகஸ்ட் 18 அன்று அங்கே இருந்த தென்பகுதிச் சிப்பாய்கள் கலகம் செய்ததிலிருந்துதான் சூடானின் முதல் உள்நாட்டுப் போரைக் கணக்கிடுகிறார்கள். தெற்கே இமடோங் மலைத்தொடர். அதிலுள்ள கின்யெட்டி, 3,187 மீட்டர் உயரத்தோடு அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாக நிற்கிறது. மழைக்காலத்தில் மேகம் இறங்கியிருக்கும்போது எனக்கு மருதமலைக்கு அப்பால் தெரியும் மலைகள் நினைவுக்கு வந்துவிடும். ஹெலிகாப்டரில் போகும்போது பதினைந்து, இருபது கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். மீதிச் சாமான் தனிப் படிவத்தில் சரக்காகப் பின்னால் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என்னுடைய பெரிய பெட்டி வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. ஆகவே பெட்டி கட்டும்போதே கையில் போவது எது, பின்னால் வருவது எது என்று பிரித்துவிடுங்கள். கையில் போக வேண்டியவை: இரண்டு சீருடை, கொசுவலை, மருந்து, டார்ச், சிறிய பிரஷர் குக்கர், எல்லா வகைச் சாக்கெட்டுக்கும் பொருந்தும் அடாப்டர், ஒரு மாதத்துக்கான சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி. இவற்றைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பகலெல்லாம் புழுதியில் அலைந்துவிட்டு வந்து ஒரு தட்டு ரசம் சோறு சாப்பிட்ட பிறகு மனம் சமநிலைக்கு வருவதை நான் எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறேன். அரிசி உகாண்டாவிலிருந்து லாரியில் வரும், கிடைத்துவிடும். வெண்டைக்காய், நிலக்கடலை, எள், சோளம் எல்லாம் சந்தையில் உண்டு. மாம்பழக் காலத்தில் மாம்பழத்துக்குப் பஞ்சமே இல்லை. சோளமாவைப் புளிக்கவைத்து மெல்லியதாக வார்க்கும் கிஸ்ரா நம்முடைய சோளத் தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். டெல்லியில் நான் வாங்கிக் குவித்த டின் உணவுகளும், யாரோ பட்டியலில் எழுதியிருந்த முகாம் உபகரணங்களும் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே கிடந்தன. அதில் போன பணம் 30,000 ரூபாய்க்குக் குறையாது.

தங்குமிடம் என்பது ஆயத்தமாகச் செய்து கொண்டுவந்து வைத்த ஒரு கன்டெய்னர் அறை. குளியலறையும் கழிவறையும் சற்றுத் தள்ளிப் பொதுவில் இருக்கும். நான் போனபோது எங்கள் தொடர்பு அதிகாரிகள் குழுவில் நான் ஒருத்தியே பெண். கானா, பிரேசில், பூட்டான், மங்கோலியா என்று பல நாட்டு ஆண் அதிகாரிகள். எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சும் கையுமாகக் கழிவறைக்கு நடப்பதற்கு ஒரு துணிவு வேண்டியிருந்தது. இதை எழுதத் தயங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்: மாதவிடாய்க்கான பொருட்களை ஓராண்டுக்கும் இங்கிருந்தே கொண்டுபோங்கள், மாதவிடாய்க் கோப்பை பழகியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நீண்ட ரோந்தில் மூன்று, நான்கு இரவுகள் வெட்டவெளியில் கூடாரத்தில் கழியும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே நைரோபி ஈ என்பார்கள். உண்மையில் அது ஈ அன்று, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி வரும் ஓர் எறும்பளவு வண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து கழுத்தில் உட்காரும். கடிக்காது, கொட்டாது, நாம் அடித்து நசுக்கினால்தான் அதன் உடலிலிருக்கும் நஞ்சு தோலில் பட்டு, மறுநாள் வெந்நீர் கொட்டியதுபோல் நீளவாக்கில் கொப்புளம் எழும். எனக்குக் கழுத்திலிருந்து தாடை வரை எழுந்து, சீருடைக் காலர் உராய்ந்து உராய்ந்து, ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், படுக்குமுன் கொசுவலைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.

வேலையைப் பற்றி எனக்கு மனக்குறை எதுவும் இல்லை; அதில் நான் பெற்ற நிறைவு பெரிது. அந்தப் பகுதியில் மோதல்களுக்குப் பெரும்பாலும் மாடுதான் காரணம். மாட்டைக் கொள்ளையிடுவது, அதற்குப் பழிவாங்குவது, அதற்கு மறுபடி பழிவாங்குவது என்று ஊருக்கு ஊர் கணக்கு நீளும். ஊர்ப்பெரியவர்களோடு மரத்தடியில் பேசுவதை ஆண் அதிகாரிகள் செய்வார்கள்; நான் மொழி உதவியாளரான பெண்ணைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போவேன். அங்கேதான் உண்மைச் செய்தி கிடைக்கும். எந்த வழியில் விறகுக்குப் போக அச்சமாக இருக்கிறது, யார் வீட்டுப் பெண் திரும்பி வரவில்லை, எந்த ஊர் இளைஞர்கள் சில நாட்களாகக் கண்ணில் படவில்லை என்பதையெல்லாம் பெண்கள் பெண்ணிடம்தான் சொல்வார்கள். முதல் ரோந்தில் அப்படி ஓர் ஊரில் இறங்கியபோது, வரிசையாக மஞ்சள் ஜெர்ரி கேன்களுக்கு நடுவே நின்ற அடிபம்பைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். அது இந்தியா மார்க் 2. 1970களில் எங்கள் கோயம்புத்தூர்ப் பகுதியில் பொருத்திச் சோதித்துப் பார்த்து, சென்னையில் தயாரித்து, உலகமெங்கும் போன பம்பு. என் பாட்டி வீட்டுத் தெருமுனையில் நின்றதும் அதே வடிவம்தான். அதே தடித்த கைப்பிடி, அதே கிறீச்சென்ற ஒலி. நானும் கைப்பிடியைப் பிடித்து ஒரு கேனை நிரப்பினேன். சீருடையில் வந்தவள் பம்பு அடிக்கத் தெரிந்தவளாக இருக்கிறாளே என்று பெண்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவர்களிடம் பேச்சுக்குக் குறைவில்லை. ரோந்துக்குப் போகும் பெண் அதிகாரிகள் முதல் பத்து நிமிடம் குறிப்பேட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஒளிப்படம் எடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அந்த நாட்டில் அனுமதியில்லாமல் படமெடுப்பது பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். சோதனைச் சாவடி, பாலம், விமான நிலையம் பக்கம் கைப்பேசியை வெளியிலேயே எடுக்கக்கூடாது.

நான் மனம் உடைந்தது வீட்டு விஷயத்தில். இந்தியாவுக்கும் அங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம். மகள் உறங்கப்போகும் ஒன்பது மணி, எனக்கு மாலை ஐந்தரை. ரோந்து முடிந்து வண்டியை ஒப்படைத்து அறிக்கை எழுத உட்காரும் நேரம். தினமும் பேசுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மழை வந்தால் இணையம் போய்விடும், நீண்ட ரோந்தில் தொடர்பே இருக்காது. காத்திருந்து காத்திருந்து ஏமாந்த குழந்தை, சில வாரங்களில் தொலைபேசிக்கே வர மறுத்துவிட்டாள். "இப்போ வேண்டாம்னு சொல்றா, விடு கண்ணு, அப்புறம் பேசலாம்" என்று அம்மா சொல்லும்போது, பின்னணியில் அவள் விளையாடிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அன்றைக்குக் கன்டெய்னர் அறையில் குளிர்சாதனத்தின் இரைச்சலைக் கூட்டி வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து அறைக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. பிறகு கணவரும் நானும் கலந்து பேசி ஏற்பாட்டை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிச்சயமான அழைப்பு; மற்ற நாட்களில் இணையம் கிடைக்கும்போது நான் கதை சொல்லிக் குரல் பதிவாக அனுப்பிவிடுவேன், அவள் உறங்குமுன் அப்பாவோடு கேட்பாள். முயலும் யானையும் தீர்ந்துபோய், டோரிட் முகாமுக்குள் வரும் பல்லி, தவளை, மாரபூ நாரை என்று கதைகள் நீண்டன. அவள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள். சிறு குழந்தைகளை விட்டுப் போகிறவர்கள் நிறைவேற்ற முடிகிற அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். பெரியவர்களுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். தென் சூடான் பரப்பில் தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்குக்கு மேல் பெரியது. நாட்டின் வடகோடியில் துப்பாக்கிச் சூடு என்று தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடினால் கோயம்புத்தூரில் வீடே கலங்கிவிடும். வரைபடத்தை அச்சிட்டு, உங்கள் ஊரை வட்டமிட்டு, வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். ஊருக்குள் சத்தம் கேட்டு நாங்கள் பதுங்குகுழியில் இரவைக் கழித்ததும் உண்டு. கடவுச்சீட்டு, டாலர், மருந்து, சார்ஜர், ஒரு செட் உடை, தண்ணீர் வைத்த அவசரப் பை கதவருகே எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது, ஓ.டி.பி. சிறிய விஷயம் என்று தோன்றும். என்னைப் பல மாதம் அலைக்கழித்தது இதுதான். என் இந்திய எண்ணுக்கு வெளிநாட்டுச் சேவை போட்டிருந்தேன். ஜூபாவில் ஒருவாறு வேலை செய்தது, டோரிட்டில் குறுஞ்செய்தி வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வங்கி, வருமான வரி, ஆதார் எல்லாமே அந்த ஒரே எண்ணில் இருந்தன. இதற்கிடையில் நாங்கள் முன்பதிவு செய்திருந்த அடுக்குமாடி வீட்டின் பத்திரப்பதிவுக்குத் தேதி வந்தது. கடன் என் பெயரிலும் கணவர் பெயரிலும். என் கையெழுத்தில்லாமல் அடுத்த தவணையை விடுவிக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். நான் கிளம்புமுன் கணவருக்கு எழுதிக் கொடுத்திருந்தது நோட்டரி கையெழுத்திட்ட பவர், அதாவது அதிகாரப் பத்திரம், மட்டுமே. சொத்துப் பதிவுக்கு அது செல்லாது. ஆகவே ஜூபாவுக்கு விமானத்தில் இடம் கேட்டு, இந்தியத் தூதரகத்தில் புதிய பவருக்குச் சான்றொப்பம் பெற்று, அந்த மூலப்பத்திரத்தை லீவில் போன ஓர் அதிகாரியின் கையில் கொடுத்தனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்த வேலைக்குக் கணவர் கல்லூரிக்கு லீவு போட்டு அலைந்தார். இத்தனையும் முடிவதற்குள் கட்டுநர் போட்ட தாமத வட்டி ஏறக்குறைய 70,000 ரூபாய். கிளம்புமுன் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்த பவர் எழுதிவிட்டால் இது ஒன்றுமே இல்லை. குடும்பத்தினருக்குக் கொடுக்கும் பவருக்குச் செலவும் குறைவு. அதோடு, குடும்பச் செலவுக்கான கணக்கை இருவரில் யாரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், கடன் தவணை, காப்பீடு, பள்ளிக்கட்டணம் எல்லாவற்றையும் தானாகக் கழியும்படி செய்துவிடுங்கள், ஓ.டி.பி. மின்னஞ்சலுக்கும் வருகிற வங்கியாகப் பார்த்து ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கை யார், எந்த எண்ணைக்கொண்டு சரிபார்ப்பார்கள் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது மலேரியா. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபரம் வகை, கொல்லக்கூடியது. நான் தினமும் டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை சாப்பிட்டு வந்தேன். நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். தடுப்பு மாத்திரை ஆபத்தைக் குறைக்குமே தவிர, முழுக் காப்பு அன்று. லீவில் கோயம்புத்தூர் வந்திருந்தபோது இரண்டாம் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்கு மலையேற வேண்டும் என்பதால் வீட்டருகே இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டெங்குப் பருவம் அது. டெங்குவுக்கும் டைஃபாய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் குறைந்திருப்பதைப் பார்த்து டெங்குவாக இருக்கலாம் என்று சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எனக்குப் பேச்சு குழறியது. என் கணவர்தான் இரவுப்பணி மருத்துவரிடம், "இவங்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்காங்க டாக்டர், மலேரியாவுக்குப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். உடனே ரத்தப்பூச்சு பார்த்தார்கள், ஃபால்சிபரம். அன்றிரவே பெரிய மருத்துவமனைக்கு மாற்றி ஆர்ட்டிசுனேட் ஊசி தொடங்கினார்கள். இரு மருத்துவமனைகளிலும் சேர்த்து 1,40,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ராணுவ மருத்துவமனைக்குத் தகவல் தாமதமாகப் போனதால் பெரும்பகுதி எங்கள் கையிலிருந்தே போனது. பணம் போகட்டும். என் மகள் வாசலில் நின்று, அம்மா மறுபடியும் போய்விட்டாளா என்று கேட்டாளாம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்: அங்கிருந்து வந்த பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், வாயைத் திறந்ததும் முதல் வாக்கியம் "தென் சூடானிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு இன்றே பாருங்கள்" என்பதாக இருக்க வேண்டும். உங்களால் பேச முடியாத நிலையில் பேசப்போகிறவர் அவர்கள். விரைவுப் பரிசோதனைக் கருவிகள் சிலவற்றைப் பையில் வைத்திருங்கள். டாக்சிசைக்ளினை அங்கிருந்து கிளம்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களாவது முன்பு, அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. அதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும். அதைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். அது இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

பணிக்காலம் முடியும்போதும் ஒரு வேலை இருக்கிறது. வெளியேறும் படிவத்தில் வண்டி, ரேடியோ, தலைக்கவசம், குண்டு துளைக்காத உடை, கணினி, அறைச்சாவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒப்படைத்ததற்குச் சான்று இல்லாத பொருளின் விலையைக் கடைசிப் படியில் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் குழுவிலேயே ஒருவருக்கு, எப்போதோ வேறொருவரிடம் மாற்றிக் கொடுத்த ஒரு ரேடியோவுக்காக ஒரு நல்ல தொகை போயிற்று. முதல் நாளிலிருந்தே, வாங்கும்போதும் கொடுக்கும்போதும் எழுதி வாங்கிப் படம் எடுத்து, மின்னஞ்சலில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் அரசுப் பணிக்கான வெள்ளைக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, கிளம்பும்போது ஒப்படைத்த சொந்தக் கடவுச்சீட்டைத் திரும்பப் பெற, அதை ஒப்படைத்ததற்கான ரசீது வேண்டும். அந்த ரசீது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குக்கர், கொசுவலை, அடாப்டர், மீதமிருந்த மசாலாப் பொடிகள் எல்லாவற்றையும் நான் எனக்கு அடுத்து வந்த நேபாளப் பெண் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் புளியை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டதால், ரசம் வைக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.